கிளி முத்திரை போட்ட ஒன்பது உறைகள்

எதையும் தூக்கிப் போட விடாத என் சித்திக்கு,

“பழைய பேப்பர்காரரிடம் போட்டது நான்தான்.” அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். அதன் பிறகும் மூன்று வருடம் அந்த மயிலாப்பூர் வீட்டில் உன்னோடுதான் இருந்தேன். குழம்பில் உப்பு குறைந்தால்கூட உன்னிடம் சொல்லிவிடுவேன். இதை மட்டும் சொல்லவில்லை.

நூறு வருடங்களுக்கு முன் மவுண்ட் ரோடில் கிராமபோன் விற்ற ஒரு கடைக்காரர். அவருடைய முத்திரை, ஊதுகுழல் மேல் உட்கார்ந்திருக்கும் கிளி. அந்தக் கிளி எதில் இருந்தாலும் நீ விடமாட்டாய். ஊசி டப்பா, விலைப்பட்டியல், இசைத்தட்டுக்குப் போடும் பழுப்புக் காகித உறை. “பாட்டு எங்க வேணா கிடைக்கும்டி. இதை யாரு எடுத்து வைப்பா?” என்பாய்.

அதே கிளியைத் தேடிய இன்னொருவர் தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

“டீச்சரம்மா, அந்த ஊசி டப்பாவ எனக்குத் தந்துருங்க. ஒரு இட்லிப் பானை தாரேன்.”

“உங்க பானையில மூடியே சரியா உட்கார மாட்டேங்குது அண்ணாச்சி. முதல்ல அதைப் பாருங்க.”

அவர் வரும் நாட்களில்தான் உன் சிரிப்பு பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கும்.

நீ காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், உன்னை அசத்த நினைத்துப் பதினோரு இசைத்தட்டுகளைத் துடைத்துப் புது வெள்ளை உறைகளில் போட்டேன். பழைய உறைகள் ஓரம் கிழிந்து, பென்சில் கோடுகளோடு அழுக்காக இருந்தன. நீ அத்தனை முறை சொல்லியும், தட்டுதானே பொருள், உறை என்ன என்று நினைத்தேன். அவற்றை மேஜைமேல் செய்தித்தாள்களோடு வைத்தேன். மாலையில் அண்ணாச்சி வந்து, உன்னிடம் வாங்கிப்போன விலைப்பட்டியலை அதே மேஜையின் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பழைய பேப்பர்காரர் வந்தார். மேஜையில் இருந்த கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

நீ வந்ததும் பெட்டியைத் திறந்தாய். “பழைய உறை எங்கடி?”

“மேஜை மேலதான் வச்சேன்.” பொய் இல்லை. பாதி.

“யாராவது வந்தாங்களா?”

“அண்ணாச்சி வந்தார்.”

உன் முகம் மாறியது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். நீ போனை எடுத்தாய். “அண்ணாச்சி, என் உறை உங்ககிட்டயா இருக்கு?” என்றாய். அவர் ஏதோ கேட்டார். நீ வைத்துவிட்டாய். அடுத்த மாதம் அடையாறில் நடந்த பழம்பொருள் சேகரிப்பாளர் கூட்டத்தில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாய்: “வீட்டுக்கு வந்தவரே எடுத்துட்டுப் போயிட்டார்.” அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஏன் பேசாமல் இருந்தேன் சித்தி? உன் கோபத்துக்குப் பயந்தா? அவர் மறுப்பார், உனக்கே புரிந்துவிடும் என்றா? ஒரு வாரம் தாண்டியதும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆடியில் நீ போய்விட்டாய். உன் கிளிகள் என் பொறுப்பில். அரைக் கிலோ காகிதத்துக்கு நான் செய்த காரியம் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளையாய்த் தெரிகிறது. போன மாதம் ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் புகுந்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே உறைகள். கிளி போட்டது எது வந்தாலும் சொல்லுங்கள் என்று பழைய பேப்பர் கடைகளில் அவர் சொல்லிவைத்திருந்தாராம். எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்களாம்.

“ஒங்க சித்திதான் தூரப் போட்டுட்டு என் பேரக் கெடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டு வந்து குடுத்தா, பாத்தீங்களா, இவன்கிட்டதான் இருந்துதுன்னு சொல்லுவாங்க. என்ன செய்யச் சொல்லுத?”

ஓர் உறையை எடுத்துப் பென்சில் கோடுகளைக் காட்டினார். ஒரு பக்கம் பாடி முடிந்தால் ஊசியை மாற்ற வேண்டுமாம். யாரோ ஒருவர் மாற்றும்போதெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறார். “இதத்தான் அழுக்குன்னு நெனச்சியா?”

தலையாட்டினேன்.

“சித்தி இருக்கும்போது அவங்ககிட்ட சொன்னியா?”

“இல்லை அண்ணாச்சி.”

“அப்போ எங்கிட்ட மட்டும் வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? அவங்க எல்லார்கிட்டயும்லா சொன்னாங்க.”

அதனால்தான் சித்தி, சொந்த விஷயத்தை வெளியில் பேசவே தெரியாத நான் இதை எல்லோரும் படிக்க எழுதுகிறேன். கூட்டத்துக்கு வருகிறவர்களே, அண்ணாச்சி எதையும் எடுக்கவில்லை.

பதினொன்றில் ஒன்பது உறைகள்தான் அந்த டப்பாவில் இருந்தன. நான் தட்டுகளை எடுத்துப்போக, அவரே அந்த உறைகளில் போட்டுக் கொடுத்தார். மற்ற இரண்டு தட்டுகளும் நான் போட்ட வெள்ளை உறையிலேயே இருக்கும். ஏன் என்று யார் கேட்டாலும் பாதியில் நிறுத்தாமல் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் படித்தேன். அண்ணாச்சி வந்திருந்தார். முன் வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள். என்னிடம் பேசவில்லை.

உன் அக்கா மகள்,
பவித்ரா