நசீர், நீ சொன்ன சொட்டு விழுந்தது

என் அன்புத் தம்பி நசீருக்கு,

மறுபடியும் மழைக்காலம் வந்துவிட்டது. பீச் ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் நம் அலுவலகக் கூரை இன்னமும் உன் மேசைக்கு மேலேதான் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. உன் மேல் உள்ள மரியாதையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் புதிதாக ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெளிவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அந்தக் கடைசி மீட்டிங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் கிளையன்ட் கம்பெனி, நோயாளியின் நரம்பில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் பம்ப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் புதிய பம்ப் கைக்கு வருவதற்கு முன்பே அதன் புரோகிராமைச் சோதித்துப் பார்க்க, கணினிக்குள் அதே மாதிரி ஒரு பம்ப்பை, அதாவது எமுலேட்டரை, செய்து கொடுப்பது நம் வேலை. எல்லாச் சோதனையும் பாஸாகியிருந்தது. நீ மட்டும் எழுந்து நின்றாய்.

"குணா அண்ணே, நெச போர்டுல ரீசெட் அமுக்கினா எல்லா பார்ட்டும் ஒண்ணா அமந்து ஒண்ணா எழும்பும். நம்ம எமுலேட்டர்ல ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணு. இதுல பாஸாச்சுன்னு சொல்றதே பொய் லா. நெச பம்ப்புல ஒரு சொட்டு தப்பா விழுந்தா யாரு பொறுப்பு?"

நம் மேலாளர் குணா அண்ணன் அலுத்துக்கொண்டார். "கிளையன்ட் ஹேப்பியா இருக்கான். நீ எதுக்கு இப்ப நோண்டுற? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"நசீர் சொல்றது சரிதான் அண்ணே" என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றோம். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் நீ வழக்கமாகக் கடலைத் தாண்டிப் போகும் பெர்ரி போய்விட்டது. மழையால் அடுத்த பெர்ரிக்கும் மோட்டார் பைக்குகள் வரிசை கட்டி நின்றன. "பாலத்துல போயிடுறேன் அக்கா" என்று மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியோடு இறங்கினாய்.

பாலத்தில் அந்த லாரி உன்னைப் பார்க்கவில்லையாம். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன்னை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, செபராங் ஜெயாவில் உன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனேன். சாப்பிட வந்த கூட்டம் கலைந்த பிறகு அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாலதி, என் மவன் அப்படி என்னம்மா வேலை பாத்தான்? யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டுப் போயிருவேன். இப்ப நானே நெனச்சுப் பாக்குறேன், ஒண்ணும் தெரியல."

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "பம்ப்புக்குள்ள மருந்தைத் தள்ற மோட்டார் ஒண்ணு இருக்கு மாமா. மூடி சரியா மூடியிருக்கான்னு பாக்குற சென்சார் ஒண்ணு, மூடி திறந்திருந்தா மோட்டார் அசையக் கூடாது. இன்னும் நெறைய பார்ட்ஸ். கோளாறானா எல்லாத்தையும் அமத்தி, முதல்லேர்ந்து எழுப்பணும். அதுதான் ரீசெட். கம்ப்யூட்டருக்குள்ள அதை ஒரே நேரத்துல செய்ய முடியாது, ஒவ்வொருத்தரா கூப்பிட்டுத்தான் சொல்லணும். முதல் ஆளு எழும்பி உக்காந்திருப்பான், கடைசி ஆளு இன்னும் பழைய நெனப்புலயே இருப்பான். அவன் ஒரு சிக்னல் விட்டா இவன் ஏடாகூடமா எதையாச்சும் செஞ்சிடுவான்."

"அதுக்கு நசீர் என்ன செஞ்சான்?"

"மூணு கட்டமா பிரிச்சான் மாமா. முதல்ல ஒவ்வொருத்தனும் தன் நெனப்பை மட்டும் அழிக்கணும், பக்கத்துல உள்ளவன்கிட்ட வாயே திறக்கக் கூடாது. எல்லாரும் அழிச்ச பிறகுதான் ரெண்டாவது கட்டம். அசையாம நிக்கணும், வயர்ல போற சிக்னலை மட்டும் சரி பண்ணிக்கலாம். எல்லாரும் நின்ன பிறகுதான் மூணாவது. சேர்ந்து எழும்பணும்."

அத்தா தலையாட்டினார். "ஜமாஅத்தா வரிசையில நின்னு தொழுற மாதிரி. யாரும் முந்தக் கூடாது."

"ஆமா மாமா."

"பம்ப்புல ஒருத்தன் முந்திட்டா?"

"தேவையில்லாத மருந்து உள்ள போயிடலாம்."

அவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே நீ விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினேன். குணா அண்ணனும் தடுக்கவில்லை. நசீர், கோபப்படாதே, உன் வடிவமைப்பில் ஓர் ஓட்டை இருந்தது. இரண்டு பேர் ஒரே கருவியை ரீசெட்டில் பிடித்து வைத்திருந்தால், இரண்டு பேரும் விட்ட பிறகுதான் அது எழ வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தாய். அது அழகு. ஆனால் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கருவியைக் கொண்டுவந்து சொருகினால்? மற்றவர்கள் நிற்பது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். புதிதாக வருவது, தான் சேரும் இடத்தின் கணக்கையும் ஏற்றுக்கொண்டு வந்து நிற்கும்படி மாற்றினேன். கண்டுபிடித்த அன்று என்னையறியாமல் உன் மேசைப் பக்கம் திரும்பி, "டேய்!" என்றேன். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? முதலில் இல்லை என்றுதான் சண்டை போட்டிருப்பாய்.

புதிய ரீசெட்டைப் போட்டுச் சோதனையை ஓட்டினேன். பம்ப்பின் புரோகிராம் சோதனையில் தோற்றது. அதுவரை நம் எமுலேட்டரில் சென்சார் எப்போதும் முதலில் எழுந்து தயாராக இருந்திருக்கிறது. மோட்டார் கடைசியில்தான் வரும். இப்போது இரண்டும் சேர்ந்து எழுந்தன. சென்சார் கண் விழிப்பதற்குள் மோட்டார் லேசாக நகர்ந்தது. அதற்குக் காத்திருக்கச் சொல்லிப் புரோகிராமில் யாரும் எழுதவில்லை. நீ சொன்னதேதான்.

கிளையன்ட் கொதித்துப்போனான். குணா அண்ணன் என் மேசைக்கு வந்தார். "நேத்து வரைக்கும் பாஸான புரோகிராம் இன்னைக்கு எப்படி ஃபெயிலாகும்னு கேக்குறான். பழைய ரீசெட்டையும் ஒரு ஆப்ஷனா வச்சுக் குடுத்துடு மாலதி. சண்டை வேணாம் லா."

"குடுக்குறேன் அண்ணே. அதுக்கு முன்ன நெச போர்டை ஒரே ஒரு தடவை கொண்டாரச் சொல்லுங்க."

போர்டை மோட்டாரோடும் ஊசிக்குழாயோடும் கொண்டுவந்தார்கள். மருந்துக்குப் பதிலாக, கீழே கடையில் வாங்கிய சிராப் சர்பத்தை ஊசிக்குழாயில் நிரப்பினேன். சிவப்பு நிறம் என்றால் கண்ணுக்குத் தெரியுமே. நுனிக்கு அடியில் வெள்ளை டிஸ்யூ விரித்தேன். மூடியைத் திறந்து வைத்து ரீசெட் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை. கிளையன்ட் பக்கத்து ஆள் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், நீ தப்பு என்று அந்த நிமிடம் நினைத்துவிட்டேன்.

நின்றிருந்த மோட்டாரை வைத்து அல்லவா பார்த்தோம் என்று பிறகுதான் தோன்றியது. மோட்டாரைத் தள்ள விட்டு, அது பாதி வழியில் இருக்கும்போதே மூடியைத் திறந்து அமுக்கினேன். எல்லாம் நின்றது. எழுந்தது. ஊசி நுனியில் சிவப்பு மெல்லத் திரண்டு ஒரு சொட்டு விழுந்தது.

அவர்களோடு வந்திருந்த பெண் இன்ஜினியர் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே அதேபோல் செய்து பார்த்தாள். இன்னொரு சொட்டு. டிஸ்யூவில் அது பரவுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குணா அண்ணன் அறையை விட்டு வெளியே போய்விட்டார். தேடிப் போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "அவன் அன்னைக்கே சொன்னான்ல" என்றார். பிறகு, "நான் மீட்டிங்கை இழுக்காம விட்டிருந்தா பெர்ரியைப் புடிச்சிருப்பான்ல" என்றார். நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

புதிய பம்ப்பின் புரோகிராமைத் திருத்திவிட்டார்கள். இப்போது மூன்று கட்டத்திலும் நன்றாக நிற்கிறது, நன்றாக எழுகிறது. உன் பெயரைத்தான் அந்த வேலைக்குப் போட்டிருக்கிறேன். இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி இனிமேல்தான். போர்டை மூட்டை கட்டும்போது அந்த இன்ஜினியரிடம் கேட்டேன், ஏற்கெனவே விற்ற பழைய பம்ப்பில் ஓடுவதும் இதே புரோகிராம்தானா என்று. அவள் முகம் மாறியது. "அது வேறு டீம் பார்க்கிறது" என்றாள். பிறகு எழுதிக் கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதற்கு அதுவும் வரவில்லை. ஒப்பந்தப்படி வெளியில் பேசக்கூடாது, இனி கேட்காதே என்று குணா அண்ணன் சொல்லிவிட்டார்.

போன வாரம் உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பயப்படாதே, சர்க்கரைதான், காலில் புண். பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்தில் ஒரு பம்ப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ஒட்டியிருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. எட்டிப் பார்த்தேன். வேறு கம்பெனி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நொடியே அந்த மூச்சு எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வார்டில் ஓடுவது யாருடையது? அங்கே படுத்திருப்பது யாருடைய அம்மா?

"என்னம்மா அதையே பாக்குற? மருந்து ஒழுங்கா இறங்குதா?" என்று உன் அம்மா கேட்டார்.

"இறங்குது மாமி."

"நசீர் இருந்திருந்தா அந்த நர்ஸை உக்கார விட்டிருக்க மாட்டான். கேள்வி மேல கேள்வி கேட்டே கொன்னிருப்பான்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நசீர், திங்கட்கிழமை நான் மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போகிறேன். பார்த்ததை என் பெயரில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். குணா அண்ணனிடம் சொன்னேன். "வேலை போயிடும் மாலதி" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னை மட்டும் இழுத்துடாத லா, பிள்ளைங்க படிக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பம்ப்புகள் இந்நேரம் எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் ஓடுகின்றனவோ, அவற்றால் இதுவரை யாருக்கு என்ன ஆனதோ, அதை யாராவது வேறு நோயின் பெயரில் எழுதி முடித்துவிட்டார்களோ, தெரியாது.

ஆனால் கேட்பேன். அவர்கள் பதில் சொல்லும்வரை கேட்பேன். பழைய பம்ப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தியோடுதான் உன்னை அடக்கிய கபுருக்கு வருவேன். அதுவரை நான் வரவில்லையே என்று நினைக்காதே. வேலையாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு என்றும் அக்காவான,
மாலதி