வாளிக்குப் பின்னால் ஐந்து பெட்டி

செவ்வாய், 4 மார்ச்

மழை. குடையைப் பேருந்தில் விட்டுவிட்டேன், இந்த வருடத்தில் இரண்டாவது. ஃபாஷிங் வேடத் திருவிழாவின் கடைசி நாள். ரயிலில் என் எதிரே ஒரு கரடியும் தாடி வைத்த இரண்டு கன்னியாஸ்திரிகளும். கரடி எனக்கு இனிப்பு தந்தது.

கடை திறக்க முன்னரே வாசலில் ஆட்கள். எண்ணினேன், பத்தொன்பது. ஒன்பது வருடமாகத் துப்பாக்கி விற்கும் இந்த ஜேர்மன் துவக்குக்கடையில் வேலை. முதலில் வேட்டைக்காரரின் காற்சட்டைகளுக்குக் கீழ்மடிப்புத் தைக்க வந்தவள், பிறகு காசு வாங்கும் காஸ்ஸவிலும் நிற்கிறேன். வாசலில் வரிசை கண்டது இதுதான் முதல் தடவை.

என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. காதில் விழுந்தவை:
– தொழிற்சாலைகள் இனி இராணுவத்துக்கு மட்டும்தான் துப்பாக்கிச் சன்னம் செய்யுமாம்.
– புதுச் சட்டம் வருகிறதாம். என்ன சட்டம்? தெரியாதாம்.
– விலை அடுத்த கிழமை இரட்டிப்பாம்.
– "எனக்கு முன்னால நிக்கிறவர் வாங்கிறார், அதான் நானும்."
கடைசி ஆள்தான் உண்மை சொன்னவர்.

உரிமம் உள்ளவர்கள் சன்னத்துக்கு, இல்லாதவர்கள் மிளகுத் தெளிப்பானுக்கு. பதினொரு மணிக்குத் தெளிப்பான் முடிந்தது. ஒரு கிழவர் அது இல்லையென்றால் பரவாயில்லை என்று கம்பளிக் காலுறை வாங்கிப் போனார்.

முதலாளி ஹெர் கெல்லர் சொன்னார், ஆளுக்கு இரண்டு பெட்டி, அதற்கு மேல் கடவுளே வந்தாலும் இல்லை. டிர்க் அதை எழுதி ஒட்டினான் (கடவுளை விட்டுவிட்டு). டிர்க் பக்கத்துக் காஸ்ஸக்காரன். ஒன்பது வருடமாக என் வலது கைப்பக்கம். முன்பெல்லாம் 'மூடப்பட்டுள்ளது' பலகையை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் சிகரெட் குடிக்கப் போய்விடுவான், சரியான சோம்பேறி. இன்று அதற்கும் நேரமில்லை.

போட்டிகளில் இலக்குக்குச் சுடுபவர்கள் வாங்கும் சின்னச் சன்னம், மத்தியானத்துக்குள் பாதி அலமாரி காலி. என் பழைய வாடிக்கைக்காரி ஃப்ராவ் லென்ட்ஸுக்கு ஐந்து பெட்டி எடுத்து வைத்தேன். சனிக்கிழமை வருவார், மாதம் ஐந்து பெட்டிதான் அவர் வழக்கம். பெட்டிகள் கூட்டும் சாமான் அலமாரியில், வாளிக்குப் பின்னால்.

வீட்டில் வரிசைக் கதையை மனுசனிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். கார் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தமிழ்க்கடை அரிசி, இருபது கிலோ மூட்டை மூன்று.

"என்னப்பா இது?"

"சனம் வரிசையில நிக்குதெண்டு நீர்தானே சொன்னீர்."

"அது சன்னத்துக்கு!"

"இண்டைக்குச் சன்னத்துக்கு நிக்கிற சனம் நாளைக்கு அரிசிக்கும் நிக்கும்."

மகள் ஆஹென் நகருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவள் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறது. அங்கே தள்ளினோம். இரண்டு பேருக்கு அறுபது கிலோ அரிசி.

புதன், 5 மார்ச்

விபூதிப் புதன். வெயில், ஆனால் குளிர். ஏழு மணிப் பூசை, நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு. முதல் வந்த வேட்டைக்காரர்: "ஃபாஷிங் நேற்றோட முடிஞ்சுது, முகத்தைக் கழுவுங்கோ." சிரித்து வைத்தேன். அவர் வேட்டைக்காரர் வேடத்தில் வந்த பாதிரியாராகவும் இருக்கலாம், இன்றைக்கு யாரையும் நம்ப ஏலாது.

தபசுகால ஒறுத்தல்: தேநீருக்குச் சீனி இல்லை. பத்து மணிக்கே தோல்வி.

விலைச்சீட்டு மூன்று தடவை மாற்றினோம். கார்த்திகையில் பதினாலு ஈரோவுக்கு விற்ற பெட்டி இப்போது இருபத்திரண்டு. ஏசுகிறார்கள், ஏசிக்கொண்டே வாங்குகிறார்கள். ஏன் வாங்குகிறார்கள்? யாரைச் சுட? காட்டுப்பன்றி அதே எண்ணிக்கையில்தானே இருக்கிறது. ஒருவரைக் கேட்டேவிட்டேன். "ஒருத்தரையும் சுடுறதுக்கு இல்லை, வீட்டில இருந்தா நித்திரை வரும்" என்றார். எங்கள் ஊரில் அது வீட்டில் இருந்தால் ஒருவருக்கும் நித்திரை வராது.

டிர்க்கின் சுடும் சங்கத்துக் கூட்டாளி வந்தான். இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு கேட்டான். டிர்க் ஏலாது என்றான். "பின்பக்கத்தால தாவன்ரா, ஆர் பார்க்கப் போறது?" கடை முழுக்கக் கேட்டது. டிர்க்குக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை.

எனக்கு அவனில் கோபம் வந்தது. கூட்டாளிக்குக்கூட இரங்காத மனிதன்! எங்கள் மன்னாரில் போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் அம்மாவுக்கென்று சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் மேசைக்குக் கீழே எடுத்து வைப்பார். அம்மா அவர் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் களவு என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தெரிந்தவருக்கு எடுத்து வைக்காதவனைத்தான் ஊர் ஏசும்.

வாளியை ஒருமுறை பார்த்தேன். பெட்டிகள் இருக்கின்றன.

வியாழன், 6 மார்ச்

மேகம். கால் வீக்கம். மகளுக்குப் போன் எடுக்க வேண்டும் (மறந்தேன்).

ஆறு மணிக்குக் கடை பூட்டினோம். முதலாளி, இரவில் சன்னம் பூட்டி வைக்கும் இரும்பு அறையில் பெட்டிகளை எண்ணினார். வெளியே வந்து மறுபடி உள்ளே போய் எண்ணினார். சின்னச் சன்னத்தில் ஐந்து பெட்டி குறைவு.

வாளிக்குப் பின்னால் இருக்கும் ஐந்து.

எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சன்னம் காணாமல் போனால் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். நாளை காலை அழைக்கப் போகிறார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" முதலில் என்னைத்தான் பார்த்தார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன்? இப்போது எழுதும்போதும் விளங்கவில்லை. பெட்டிகள் பத்து அடி தள்ளி இருக்கின்றன. "ஐயோ, அது நான் எடுத்து வைச்சது" என்று ஒரே வரி. ஜேர்மனில் சொல்லத் தெரியாததா? தலை தானாக ஆடியது. மன்னாரில் தம்பி விளையாட வைத்திருந்த ஒற்றை வெற்றுச் சன்னக் கோதை, இராணுவச் சுற்றிவளைப்பு என்றதும் அம்மா கிணற்றுக்குள் போட்டார். ஆமி கேட்டபோது வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரித் தலையாட்டினோம். அந்தத் தலைதான் இது.

பிறகு முதலாளி டிர்க்கைப் பார்த்தார். "நேற்று உன்ர கூட்டாளி பின்பக்கத்தால கேட்டவன்."

"நான் குடுக்கேல்லை."

"கேட்டது எல்லாருக்கும் கேட்டது, டிர்க்."

டிர்க் என்னைப் பார்த்தான். நான் நேற்றுப் பக்கத்தில் நின்றவள், அவன் கொடுக்கவில்லை என்று பார்த்தவள். நான் தரையைப் பார்த்தேன்.

முதலாளி அவனிடமிருந்து இரும்பு அறைத் திறப்பை வாங்கினார். நாளைக்கு வர வேண்டாம் என்றார். களவு என்று பதிந்தால் அவனுடைய வேலை மட்டுமல்ல, சுடும் உரிமமும் போகும். பதினாறு வயதிலிருந்து சங்கத்தில் சுடுகிறான். அவனுக்கு வேறு என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பூனை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார், அப்படியென்றால் பெரிய விடயம்.

"சொல்லாதேயும். காலமை வேளைக்குப் போய்ச் சத்தமில்லாமல் உள்ளுக்கு வைச்சிட்டு வாரும்."

"டிர்க்?"

"அவன் ஜேர்மன்காரன். அவனுக்கு ஒண்டும் நடக்காது. நாங்கள் எண்டால் பேப்பரில வரும்."

எனக்கும் அதை நம்ப விருப்பமாக இருந்தது. அதுதான் வெட்கம்.

வெள்ளி, 7 மார்ச்

மழை. ஐந்து மணிக்கே எழும்பினேன். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். சத்தமில்லாமல் உள்ளே வைக்கும் திட்டம் அங்கேயே முடிந்தது. தவிர, இரும்பு அறைத் திறப்பு என்னிடம் இல்லை. இதை இரவெல்லாம் நானும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. என்ன மூளை!

முதலாளி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரக் கோட்டோடு போய் நின்றேன்.

"ஹெர் கெல்லர், பெட்டி களவு போகேல்லை. வாளிக்குப் பின்னால இருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வாளி, துடைப்பான், இரண்டு போத்தல் கழிப்பறை மருந்து, ஐந்து பெட்டி. அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஆருக்கு?"

"ஃப்ராவ் லென்ட்ஸுக்கு."

"அவ கேட்டவவோ?"

"இல்லை."

"காசு தந்தவவோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

சங்கக்கடை, சவர்க்காரம், அம்மா... ஜேர்மனில் எங்கே தொடங்குவது? "தெரிஞ்ச ஆள்" என்றேன். அவர் முகத்தைக் கையால் தேய்த்தார். பூட்டில்லாத அலமாரியில் மூன்று இரவு சன்னம் இருந்திருக்கிறது, கடை உரிமமே போகலாம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும். எடுத்து வைக்கும்போது அது சன்னமாகவே தெரியவில்லை. தட்டுப்பாடான ஒரு சாமான், அவ்வளவுதான். நான் போய்ச் சன்னம் பதுக்கியிருக்கிறேன்! அம்மா உயிரோடு இருந்தால் என்னையும் கிணற்றில் போட்டிருப்பார்.

எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தவறு என்றால் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டேன். வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மற்றதைச் சொல்வாராம்.

டிர்க்கை அவர் அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.  திங்கள் வாறன் என்றானாம்.

பின்னேரம் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

சனி, 8 மார்ச்

நல்ல வெயில். வரிசை பன்னிரண்டு பேர். டிர்க் இல்லாமல் நான் தனி.

பதினொரு மணிக்கு ஃப்ராவ் லென்ட்ஸ். எழுபத்தொரு வயது, சிவப்புத் தொப்பி. கையில் ஒரு பாவாடை.

"நீளம் குறைக்க வேணும், றீற்றா. நான் குள்ளமாகிக்கொண்டு போறன்."

"சன்னம்?"

"அதை விட்டிட்டன். கை நடுங்குது. துவக்கை மாசியில வித்துப்போட்டன். சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை.

தையல் அறைக்குக் கூட்டிப் போய், ஊசியைக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். டிர்க் கதை வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏன் எனக்கு?"

"நான் புதுசா வந்த நேரம் ஒருத்தரும் என்ர மேசைக்கு வரேல்லை. டிர்க்கின்ர மேசையில பத்துப் பேர் நிப்பினம், என்னட்ட ஆளில்லை. நீங்கள்தான் வந்தனீங்கள். அதை நான் மறக்கேல்லை."

அவர் யோசித்தார். 

"நானா வரேல்லை, பிள்ளை. அந்தப் பெடியன்தான் தன்ர மேசையில 'மூடப்பட்டுள்ளது' எண்டு பலகையை வைச்சிட்டு, அங்க போங்கோ எண்டு எல்லாரையும் உங்களிட்ட அனுப்புவான். எனக்கு அவனில சரியான கோவம்."

ஊசி விரலில் ஏறியது. பாவாடையில் இரத்தம், குளிர் தண்ணீரில் கழுவினேன், போய்விட்டது.

சிகரெட். ஒன்பது வருடமாக அவனைச் சோம்பேறி என்று இவரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நேற்றைக்கு முதல் நாளும் இந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். இல்லை, செவ்வாய். திருப்பிப் பார்த்தேன். ஓம், எழுதியிருக்கிறேன். ஒருநாளும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை, அவன் சிகரெட் குடிக்கிறானா என்று.

ஞாயிறு, 9 மார்ச்

பூசை. பாவசங்கீர்த்தனம். சுவாமி பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் தந்தார், மிகக் குறைவு. இவரிடம் சொன்னேன். "அப்ப அரிசியில ஒரு மூட்டையை அவனுக்குக் குடும்" என்றார். பகிடிக்கில்லை, உண்மையாகவே. பூனையோடு தனியாக இருப்பவனுக்கு இருபது கிலோ அரிசி! ஏசினேன். பிறகு பார்த்தால், எனக்கும் வேறு யோசனை ஒன்றும் இல்லை.

டிர்க்குக்கு எழுதிப் பார்த்தேன். நாலு தாள் கிழித்தேன்.

திங்கள், 10 மார்ச்

பனிப்புகார். வாசலில் வரிசை மறுபடி நீளம். வானொலியில் யாரோ ஏதோ சொன்னார்களாம்.

டிர்க் நேரத்துக்கு வந்தான். முதலாளி எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டுத் திறப்பை நீட்டினார். டிர்க் வாங்கி மேசையில் வைத்தான், பையில் போடவில்லை.

நான் கிட்டப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான். போயிருக்கலாம், வாய் நிற்கவில்லை.

"அந்தப் பலகை, டிர்க். சனிக்கிழமைதான் எனக்குத் தெரியும்."

"எந்தப் பலகை?"

காட்டினேன். ஞாபகமே இல்லாதவன் மாதிரிப் பார்த்தான், பிறகு ஞாபகம் வந்தது.

"ஓ, அதுவோ. அப்ப உங்களோட ஒருத்தரும் கதைக்கேல்லை. அதான்." பலகையைக் கையில் எடுத்தான். "வியாழக்கிழமை என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை, றீற்றா."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தான், மேலே 'வேலை விலகல்' என்று எழுதியிருந்தது. திறப்பை அதன்மேல் வைத்தான். பலகையைத் தன் மேசையில் நிறுத்திவிட்டு உறையும் திறப்புமாக முதலாளியின் அறைக்குப் போனான்.

கடைக் கதவு திறந்தது. எல்லோரும் பலகையை வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்கள்.