என் கைக்குச் சேராத கையுறை

என் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டே வந்த ஆறுமுகத்துக்கு,

செத்துப்போன சிநேகிதனுக்குக் கடிதம் எழுதுகிறவனைக் கண்டால் நீரே விழுந்து விழுந்து சிரிப்பீர். சிரித்துக்கொள்ளும். எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதைத் தீர்த்துவைக்கக்கூடிய ஆள் நீர் ஒருத்தர்தான். நீரோ ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தீர். தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினீர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர். இதை நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் ஊர்ச் செய்தி. மார்கழி பிறந்துவிட்டது. நான் இன்னமும் விடியற்காலையில் சேரன்மகாதேவியிலிருந்து கிளம்பி, திருநெல்வேலியில் என் சீனியர் வக்கீல் வீட்டுக்கு அதே மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். சீமைச் சண்டைக்குக் கிளம்பிய வெள்ளைக்கார இஞ்சினீயர் என் தலையில் கட்டிவிட்டுப் போன அதே வண்டிதான். "ரயிலு ஓடுதே, அதுல போனா என்னலே?" என்று அம்மா கேட்பதும் மாறவில்லை. கை விறைப்பதும் மாறவில்லை. ஆற்றுப் பனியும் வண்டி ஓடுகிற காற்றும் சேர்ந்து அடித்தால், பத்தமடை வருவதற்குள் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை.

"ஆத்துல எருமை முங்கிக் கெடக்கு, உமக்குக் கை வெறைக்கோ வே?" என்று கேலி செய்வீர். கேட்டுவிட்டு உம் கைகளை என் பைக்குள் விட்டுக்கொள்வீர். உமக்கென்ன, பின்னால் சாமான் வைக்கும் கம்பியில் சொகுசாக உட்கார்ந்திருந்தீர். வண்டி ஓட்டுகிறவன் கையைப் பைக்குள் விட்டால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

என்னவெல்லாம் செய்து பார்த்தோம்! துண்டைச் சுற்றிக்கொண்டேன், அது அவிழ்ந்து சக்கரத்துக்குள் போகப் பார்த்தது. வண்டியை நிறுத்தி இஞ்சின் சூட்டில் கையைக் காட்டினேன், கிளம்பின கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான். பிறகு உம் மூளையில் பிறந்ததுதான் பனையோலைப் பெட்டி. இரண்டு பெட்டிகளைக் கைப்பிடியில் வைத்துக் கட்டி, அதற்குள் கையை விட்டு ஓட்டச் சொன்னீர். குளிர் தெரியவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் "அண்ணாச்சி, கருப்பட்டி என்ன வெல?" என்று கேட்டார்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முன்னீர்ப்பள்ளத்துக்குப் பக்கத்தில், இஞ்சினுக்கு எண்ணெய் விடும் பம்பை அமுக்கக் கையை எடுக்கப் போனால் பெட்டி கையை விடவில்லை. நேராக வயலில் இறங்கினோம். சேற்றிலிருந்து எழுந்த நீர் "யாராச்சும் கேட்டா, நாத்து நட வந்தோம்னு சொல்லிருவோம் வே" என்றீர்.

தோலில் தைத்தது வாங்கலாம் என்றேன். அம்மா விடவில்லை. "மாட்டுத் தோலக் கையில மாட்டிக்கிட்டு, அந்தக் கையாலதான் திருநீறு எடுப்பியோ?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் இல்லை.

கடைசியில் கைகொடுத்தவள் என் தங்கை கோமதிதான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தவிட்டை வறுத்துத் துணியில் பொட்டலம் கட்டி, கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்படி இரண்டு கொடுப்பாள். என் கோட்டுப் பைகளுக்குள்ளும் பைக்கொன்றாக இரண்டு வைப்பாள். "இது எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "திரும்பி வாரப்ப ஆகும் அண்ணாச்சி" என்றாள். சரி என்று கிளம்பிவிட்டேன். காலையில் வறுத்த தவிடு சாயங்காலம் வரைக்கும் சூடாக இருக்குமா? பகலெல்லாம் குறுக்கு விசாரணை செய்து பிழைக்கிற எனக்கு இது தோன்றவில்லை பாரும். அந்தப் பைக்குள் இருந்த கை யாருடைய கை?

உமக்குத் தெரியுமா, தெரியாதா? சூடாக இருந்திருக்குமே! ஒரு தடவையாவது அது என்ன என்று நீர் என்னிடம் கேட்டதில்லையே, ஏன்?

இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசி கடைசியில் எங்கள் வாசலில் நான் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நீர் வழக்கமில்லாத வழக்கமாக மெதுவான குரலில் சொன்னீர்: "வே, அடுத்தாப்ல உம்ம வீட்டுக்கு வெறுங்கையோட வரமாட்டேன். கையுறையோடதான் வருவேன்."

"தோலுன்னா எங்கம்மா உம்மையும் சேத்து வெளிய தள்ளிருவா. கம்பளியாப் பாரும்" என்றேன்.

நீர் குனிந்து ஸ்பானரை எடுத்து என்னிடம் நீட்டினீர். "கொண்டாந்து, வேண்டாம்னுட்டா?"

"மார்கழிக்கு மார்கழி குளிர்ல சாவுதேன், நானா வேண்டாம்பேன்?"

அப்போது சிரித்தீரே ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீரு வக்கீலா நின்னா எதிர்க்கட்சிக்காரன் பொழச்சான் வே" என்றீர். எதற்குச் சொன்னீர் என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நீர் போனபிறகு கார்த்திகையில் மதராசிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே சாம்பல் நிறக் கம்பளியில் ஒரு ஜோடி. அனுப்பச் சொன்னது நீர்தான் என்று அதிலிருந்த கடைச்சீட்டு சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மாட்டிப் பார்த்தேன். நாலு விரல்கூட உள்ளே போகவில்லை.

மாற்றி வாங்கலாம் என்று கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உம் இடத்துக்கு வந்திருக்கும் புதுத் தமிழ்ப் பண்டிதர், ஒரு பழைய பத்திரத்தின் எழுத்தைப் படித்துச் சொல்ல எங்கள் சீனியர் வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்து "இது என்ன?" என்றார். "கையுறை" என்றேன். அவருக்கு ஒரே குஷி. "பழந்தமிழ்ல அது வேற அல்லவா! தலைவன் தான் விரும்புற பெண்ணுக்குத் தழையோ பூவோ கொண்டுபோவான். அந்தக் காணிக்கைக்குத்தான் கையுறைன்னு பேரு. சில சமயம் தோழி அதை வாங்க மறுத்திருவா" என்று விளக்கிக்கொண்டே போனார்.

மறுத்துவிட்டால்? வேண்டாம் என்றுவிட்டால்? அன்றைக்கு வண்டியை எப்படி வீடு கொண்டுவந்து சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது.

நீர் எதைச் சொன்னீர் ஆறுமுகம்? என் கைக்கு உறை என்றா, என் வீட்டுப் பெண்ணுக்குக் காணிக்கை என்றா? பார்சல் என் பேருக்குத்தான் வந்தது. ஆனால் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு எதை அனுப்பினாலும் அந்த வீட்டு ஆண்பிள்ளை பேருக்குத்தான் வரும், அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. அளவு சின்னது. கடைக்காரன் தவறாகவும் இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் தாலி அறுத்தவளுக்கு மறுபடி தாலி கட்டுகிற வழக்கம் இல்லை என்று உமக்குத் தெரியாதா? தெரிந்துதான் எனக்குப் புரியாத வார்த்தையாகப் பார்த்துச் சொன்னீரா? எனக்குப் புரிந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் தெரியவில்லை.

இதையெல்லாம் நினைத்துக் குழம்பாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் குலசேகரன்பட்டினத்திலிருந்து கோமதியின் மாமியார் ஆள் விட்டிருக்கிறாள். வயசாகித் தனக்குத் தள்ளவில்லையாம், தை பிறந்ததும் மருமகளை அனுப்பிவைக்க வேண்டுமாம், கடைசிவரைக்கும் அவள் அங்கனயே இருக்கட்டுமாம். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. "பேசாம இருக்காளே, சம்மதம்தான்" என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்குப் பெரியவன் என்று நான்தான் சரி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

இன்று காலையில் அவள் தவிடு வறுத்துக்கொண்டிருந்தபோது கையுறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "வாத்தியார் வரவழைச்சது. எனக்குச் சேரலை" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பைய நுழைத்தாள். எங்கேயும் தொளதொளப்பும் இல்லை, பிடிப்பும் இல்லை.

"உங்க கை அளவுதான் கேட்டாவ அண்ணாச்சி" என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. "நீங்க வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னீய. உங்களை அளந்தா எதுக்குன்னு கேப்பீயளேன்னு, வாழைநார எடுத்து என் கையை அளந்து குடுத்தேன். அண்ணாச்சி கை இதவிடப் பெருசு, கூட்டிக்கிடுங்கன்னேன்."

"அதுக்கு வாத்தியார் என்ன சொன்னாரு?"

"'கூட்டணுமா?'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

அடுப்பில் தவிடு கருகும் வாசனை வந்தது. நானே சட்டியை இறக்கிவைத்தேன். எவ்வளவோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன், இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. "கோமதி, குலசேகரன்பட்டினத்துக்குப் போறியாம்மா?"

அவள் கையுறையைக் கழற்றவில்லை. "அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன் அண்ணாச்சி. இன்னைக்குச் சொல்லுதேன். நான் போகலை."

அவ்வளவுதான் ஆறுமுகம் நடந்தது. நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? தவறு என்றால் கனவிலாவது வந்து என்னைத் திட்டிவிட்டுப் போம். கோமதியை அனுப்பப்போவதில்லை என்று சொன்னதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. நாளை விடியற்காலையில் நானே குலசேகரன்பட்டினம் போய்க் கோமதியின் மாமியாரிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன். வக்கீல் கடிதம் போட்டால் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும், பரவாயில்லை.

தவிடு வறுத்துவைப்பதாக கோமதி சொல்லியிருக்கிறாள். கைப்பிடிக்கு இரண்டு, கோட்டுப் பைக்கு இரண்டு. பைக்கு எதற்கு என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. நான் இருக்கிறவரைக்கும் அவளை அவள் மனம் இல்லாத இடத்துக்கு அனுப்ப மாட்டேன். இது உம்மிடம் சொல்லும் சத்தியம். சிநேகிதன் என்று கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன், கை வேறு எழுதுகிறது.

இப்படிக்கு,
உம் மைத்துனன்,
நம்பியப்பன்.