அப்பாவுக்கு வந்த அட்டாக்

முடிச்சூர்
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் சினேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம், அங்கே உன் சுகத்துக்காகத்தான் காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நன்றாக இருக்கிறார், இந்த நிமிஷம் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், அதனால் நடுவில் எதைப் படித்தாலும் பதறாதே. போனில் சொல்லப் பார்த்தால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீ என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்வாய். பின்தெரு ஃபிரெடி வியாழக்கிழமை நீ இருக்கிற லீட்ஸுக்குத் திரும்புகிறானாம், பருப்புப்பொடியோடு இதையும் அவன் பையில் வைத்து அனுப்புகிறேன்.

நீயும் அப்பாவும் பேசி ஆறு மாதம் ஆகிறது. அன்றைக்கு நீ அழுதுகொண்டே, எனக்கு மறுபடியும் பேனிக் அட்டாக் வந்தது என்று சொன்னபோது, அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அட்டாக்லாம் வயசானவங்களுக்கு வர்றது, உனக்கு ரூம்ல தனியா குந்திகினு கண்டதையும் யோசிக்கிற வியாதி, ரெண்டு வேலை சேத்து செஞ்சா சரியாப்பூடும் என்றாரே, அதிலிருந்து நீ எனக்கு மட்டும்தான் போன் செய்கிறாய். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடி என்றேன். அது போதாதென்று, மாத்திரை சாப்பிடுவதை மேடவாக்கம் அத்தையிடம் மூச்சு விடாதே, வரன் பார்க்கிற நேரம் என்றும் சொன்னேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த அத்தையின் புது ஃப்ளாட் பிரதிஷ்டைக்குத்தான் போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை போயிருந்தோம். ஏழாவது மாடி, நல்ல காற்று. ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிரியாணியில் கறி எங்கே என்று தங்கச்சியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஒரு சண்டை இல்லை, கெட்ட செய்தி இல்லை, ஒன்றுமே இல்லை சினேகா. திடீரென்று தட்டு ஆட ஆரம்பித்தது. பார்க்கிறேன், சட்டை தெப்பமாக நனைந்திருக்கிறது, உதடு வெளுத்துவிட்டது, மூச்சு வாங்குகிறது. கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஷீலா, நான் போய்டுவேன் போலகீது, பாப்பாவக் கூப்புடு என்றார். தண்ணீர் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டார். இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் எதிர்வீட்டுக் கிளியம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன், மறைமலை நகர் கம்பெனியில் பிரஸ் மிஷின் சத்தத்துக்கு நடுவே இருபத்தொன்பது வருஷம் நின்ற மனுஷன், குழந்தை மாதிரி நடுங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி இரண்டு தரம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எக்கோ பார்த்தார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் வந்து, ஹார்ட் நல்லா இருக்கு சார், இது பேனிக் அட்டாக் என்றார். அப்பா காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வருவதற்குள் ஜெபகுமார் சாருக்கு அட்டாக் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, அட்டாக் என்றால் தனி மரியாதை. கம்பெனியிலிருந்து ஆப்பிள் வந்தது, நம் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் முறை போட்டு வந்து ஜெபித்தார்கள். கிளியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இன்னா சார், என்னியத் தூக்கினு வந்த உடம்பு இப்டி படுத்துகினு கீதே என்று கண்ணைக் கசக்கினாள். அப்பாவும் மூன்று தலையணை வைத்து ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு, மயிரிழையில பொழைச்சேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவ்வளவுதானா என்று சிரிப்பார்களே என்று பயந்து, நானும் உட்கார்ந்து அந்த ஆப்பிளைத் தின்றேன். உனக்கு இரண்டு வருஷமாக வருகிறது, உன்னை ஒருத்தராவது ஒரு ஆப்பிளோடு வந்து பார்த்தார்களா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை பார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். வியாழக்கிழமை கம்பெனி பஸ் வண்டலூர் தாண்டும்போது திரும்பவும் வந்துவிட்டது. இறங்கி ரோட்டோரமாக உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார், ஆட்டோ பிடித்து ஓடி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர் இந்தத் தடவை பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார், இதனால உயிருக்கு ஆபத்து இல்ல சார், ஆனா அந்த நேரத்துல உடம்புக்கு அது தெரியாது, நிஜமாவே சாகப்போற பயம்தான் வரும். அப்பா உடனே, என் பொண்ணு வெளிநாட்டுல கீறா, அவளும் பேனிக் அட்டாக்னு தான் சொன்னா, அது இதே தானா என்றார். இதேதான் சார் என்றார் டாக்டர். வந்த மறுநாளே வேலைக்குப் போயிட்றாளே, எப்டி டாக்டர் என்று கேட்டார். அத அவங்களத்தான் சார் கேக்கணும் என்றார் அவர்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயிலில் வாசிக்கிற ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டில் மாரடைப்பு என்று முதல் வாரமே எழுதிக் கொடுத்திருந்தோம், அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஆராதனையில் நம் போதகர் ஐயர், சகோதரர் ஜெபகுமாரை மாரடைப்பிலிருந்து மீட்ட கர்த்தருக்கு அவர் குடும்பத்தார் என்று வாசிக்கும்போதே, அப்பா எழுந்து நின்றுவிட்டார். நம் கோயிலில் அறிவிப்பு நடுவே யார் எழுந்திருப்பார்கள்? ஐயரே, அந்தச் சீட்டுல தப்பு கீது, எனக்கு வந்தது மாரடைப்பு இல்ல, பயம், காரணமே இல்லாத பயம், என் மக ரெண்டு வருஷமா இத வச்சிக்கினு வேலைக்குப் போறா, நான் அவள சோம்பேறி மாதிரி பேசிட்டேன், ஸ்தோத்திரம் சொல்றதா இருந்தா அவளுக்காகச் சொல்லுங்க என்றார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முடிக்கும்வரை உட்காராமல் நின்றார். அவரை வெள்ளத்திலும் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பெரிய ஆளாக இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதைவிட ஆச்சரியம் வாசலில். செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக, மற்றவர்கள் பார்க்காத நேரம் பார்த்து, மூன்று பேர் வந்து எனக்கும் வரும் அக்கா என்றார்கள். அதில் ஐயர் மனைவியும் ஒருத்தி. இருபது வருஷமாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியிருக்கிறோம், ஒருத்தருக்கும் ஒருத்தரைத் தெரியவில்லை. நீ எத்தனை தரம் செத்துப் பிழைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்தால், என் வயிற்றில்தான் நீ பிறந்தாயா என்று மலைப்பாக இருக்கிறது. மாத்திரையை நீயாக நிறுத்தாதே, அந்தக் கவுன்சிலிங் அம்மாவிடம் போவதையும் விடாதே. வெறும் வயிற்றில் காபி வேண்டாம். அத்தையிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வருகிற வரன் தெரிந்துகொண்டே வரட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஒன்று கேட்டார். எனக்கு மொதல் தடவ வந்தப்ப நீ கையப் புடிச்சிக்கினு இருந்த, பாப்பாக்கு மொதல் தடவ வந்தப்ப பக்கத்துல யாரு இருந்தா என்றார். பெற்றவள் நான், சினேகா, இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட உன்னிடம் அதைக் கேட்டதில்லை. அதை என்னிடம் சொல்லாதே, அப்பாவுக்குப் போன் செய்து அவரிடமே சொல். ஒருத்தரும் இல்லை என்றால் ஒருத்தரும் இல்லை என்றே சொல், அவர் தாங்கிக்கொள்வார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பொடியை ஃபிரெடியிடமிருந்து மறக்காமல் வாங்கிக்கொள், ஈரக் கரண்டி போடாதே.

உன் பக்கத்தில் இல்லாமல் போன,
அம்மா ஷீலா