எனக்குத் திறக்காத பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று மத்தியானம் சித்தப்பா சோளக்காடு ஊரிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பதிவு மேசையில் நான்தான் இருந்தேன். அவர் மருமகள் காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அவளுக்கு என்னன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு கண்ணு. நம்ம ஊட்டு விசயந்தானே."

"எனக்குத் தெரியாதுங்க சித்தப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. திரையைத் திருப்பி, அவர் கண்முன்னே அழுத்திக் காட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது.

டேட்டாபேஸைக் கவனிக்கும் கவிதா போன வாரம் செய்த வேலை அது. பரிசோதனை முடிவு டாக்டருக்கு மட்டும்தான் திறக்கும். என்னை நம்பவில்லையா என்று அன்றைக்கு அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"நம்பாம இல்லீங்க அக்கா. சொந்தக்காரங்க வந்து நெருக்குனா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் தினம் கம்ப்யூட்டர்ல உள்ள போயி வேலை பாக்குற என்னோட கணக்குலயும் அந்த அனுமதிய எடுத்துட்டனுங்க" என்றாள்.

என் அனுமதியை அவள் எடுக்காமல் விட்டிருந்தால் இன்று சொல்லியிருப்பேன். சித்தப்பாவிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கவிதா அதை முன்னாலேயே யோசித்திருக்கிறாள். என்ன பெண் அவள்!

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் அந்த மருமகள் தனியாக வந்தாள். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தவள் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.