வலது உருளைக்கு நான் போட்ட பாலிஷ்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் தவிர. அது தனிக்குடித்தனம் போகிற யோசனையில் இருக்கிறது. நீ நலமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் நலமா என்று கேட்டுக் காகிதத்தை வீணாக்கவில்லை. ட்ரோன் மூன்று தடவையும் கிளம்பியதும் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, என் கணக்கே தப்பு, மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் நானும் உன் கணக்கைத்தான் திட்டினேன். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒரு உருளையை மாட்டிச் சுழலவிட்டால் விழாமல் என்ன செய்யும் என்றேன். சுழற்றி வீசிய பந்து காற்றில் வளைகிற மாதிரி, சுழலும் உருளையும் மேலே எழும்பும் என்று நீ விளக்கியபோது, உருட்டுக்கட்டை பறக்கும்னா நான் ஏன்டா பஸ்ல போறேன் என்று அப்பா கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்த இரண்டு உருளையையும் எங்கள் லேத் பட்டறையில்தானே கடைந்தோம். இடதைக் கடைந்தது பக்கத்து லேத்தில் பதினெட்டு வருஷமாக நிற்கும் மொட்டை, வலது என்னுடையது. மேல்பரப்பைச் சொரசொரப்பாகவே விடவும் என்று டிராயிங்கில் எழுதியிருந்தாய். மொட்டை அப்படியே விட்டார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குப் போகிற சாமான் சவரம் செய்யாத தாடை மாதிரிப் போவதா என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்பினேன். அவருடையதைப் பார்த்து எலி கடிச்ச மாதிரி இருக்கு என்று கேலி வேறு. நீயாவது சும்மா இருந்தாயா, அம்மாவின் உருளையில் முகம் பார்த்துத் தலைவாரினேன் என்று எழுதினாய். வாரிய நேரத்தில் டிராயிங்கைப் பார்த்திருக்கலாம்.

உன் கடிதத்தை மொட்டையிடம் படித்துக் காட்டினேன். வலது பக்கம் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார், வலது நீங்க பண்ணதுதானேம்மா என்றார். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தராசின் மேல் டிரில்லைப் படுக்கவைத்து, உருளைகளுக்கு வெட்டியது போக மிஞ்சிய குழாய்களில் ஒன்றைப் பாலிஷ் போட்டும் ஒன்றைப் போடாமலும் சுழற்றி, எதிரே மின்விசிறியை ஓடவிட்டோம். சொரசொரப்பானது சுழன்றபோது தராசில் நாற்பது கிராம் குறைந்தது. என் அழகி பன்னிரண்டோடு நின்றுவிட்டாள். காற்று சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றுகிறது, வழுவழுப்பில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் உன் கணக்கைத் திட்டினேன்.

உன் கணக்கு சரிடா. விழுந்தது உன் மூளை இல்லை, என் கொழுப்பு. நீ உன்னையே முட்டாள் என்று திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அழுகை வருகிறது. இத்துடன் புது வலது உருளை வருகிறது. நான் கடைந்து முடிக்கும்வரை மொட்டை உப்புத்தாளைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இதை மாட்டிப் பறக்கவிடும் வரை ராஜினாமாவைத் தொடாதே. உன் மேலதிகாரி கேட்டால் இந்தக் கடிதத்தையே காட்டு. எனக்கு வெட்கமில்லை. இருக்கிறது, இருந்தாலும் காட்டு.

வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் உருட்டுக்கட்டையும் நூறு வருஷம் நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பழைய உருளையைத் தூக்கிப் போடாதே, மறக்காமல் திருப்பி அனுப்பு. என் லேத்துக்கு மேலே மாட்டி வைக்கப் போகிறாராம் மொட்டை, நான் தினமும் என் முகத்தைப் பார்க்க.

இப்படிக்கு,
கை சும்மா இராத உன் அம்மா