அடுப்பு ஏறாத கீனா மரம்

எங்கே இருந்தாலும் என் குரல் கேட்கும் என்று நம்பி, என் செல்லம்மா அண்ணிக்கு,

ஒன்பது வருடமாக உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? வாய் வரவில்லை அண்ணி, அவ்வளவுதான். நேற்று அண்ணனை ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்தேன். உங்கள் மகள் ராணியும் அவரோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்ததால் நாங்கள் இங்கேயே. லயத்து வீட்டு வரிசையில் உங்கள் காம்பிராக் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

உங்களைக் கொன்ற மரம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. லிந்துலைக்கு மேலே, நம் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற அதே இடத்தில். மழையில் கீழே கிடந்த சுள்ளியெல்லாம் ஈரம் என்று, பட்டுப்போய் நின்ற அந்தக் கீனா மரத்தில் காய்ந்த கொப்பை இழுத்தீர்கள். மரமே உங்கள் மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு லயத்தில் ஒருத்தரும் அதில் கத்தி வைக்கவில்லை. “ஆள விழுங்குன மரத்துல சோறு பொங்குனா வயித்துல தங்குமா?” என்று பக்கத்துக் காம்பிரா காளியம்மா அக்கா சொன்னார். அதுவே சட்டமாகிவிட்டது.

போன மாசியில் காடு அளக்கிற ஒரு சிங்கள மாத்தையா வந்தார். செத்த மரங்களைத்தான் அளக்கிறாராம். உயிருள்ள மரத்தை விட்டுவிட்டு இதென்ன கூத்து என்று சிரித்தோம். நாடாவால் சுற்றளவு எடுப்பார், கத்தியால் குத்தி எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பார்ப்பார், நோட்டில் எழுதுவார். வழி காட்ட நான்தான் போனேன். “லயத்துப் பக்கம் ஒரு கட்டையும் இல்லே. இது மட்டும் ஏன் இருக்கு?” என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார். என் அண்ணி செத்த மரம் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார். மரம் உயிரோடு நின்ற காலமெல்லாம் காற்றிலிருந்து இழுத்த கரி அதற்குள்தான் இருக்கிறதாம். எரித்தால் ஒரே நாளில் புகையாகப் போய்விடும். கிடக்கவிட்டால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், கொஞ்சம் மண்ணோடு தங்கியும் போகும். “செத்தாலும் வேலே செய்யுது” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களைக் கொன்றதைப் போய்ப் புகழ்கிறாரே! ஆனாலும் குனிந்து பார்த்தேன். தண்டு முழுக்கப் பாசி, காளான். அதன் முதுகிலேயே விரல் உயரத்துக்குக் கன்றுகள் முளைத்திருந்தன.

பாஸ்போர்ட் வந்ததும் அண்ணன் கோடாலியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “அத எரிச்சுப்புட்டுத்தான் கப்பலேறுவேன். எம் பொண்டாட்டிய கொன்னது இங்க சொகமா படுத்துக் கெடக்கும், நான் பேசாம போயிரணுமா?” பின்னாலேயே ஓடினேன். மாத்தையாவின் கரிக்காக ஓடவில்லை அண்ணி. பழியை மரத்தின் மேல் போட்டுவிட்டு அண்ணன் போய்விடக் கூடாது என்று ஓடினேன்.

விறகுக்கு ஒரு ஞாயிறு நீங்கள், ஒரு ஞாயிறு நான். மரம் விழுந்த அன்றைக்கு என் முறை. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். நீங்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், கயிற்றை எடுத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் மேட்டைத் தாண்டியதும் எழுந்து, தலவாக்கலைக்குப் படம் பார்க்க ஓடினேன். திரும்பி வந்தபோது உங்களைக் கம்பளியில் கிடத்தியிருந்தார்கள். நான் உங்களைத் தேடித்தான் போயிருந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். “அண்ணே, வெட்டுறதுன்னா என்னய வெட்டுங்க. அன்னிக்கு என் மொற. காச்சல்னு பொய் சொன்னேன்.”

அண்ணன் கோடாலியை இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் புள்ள. அவளே சொல்லிட்டுத்தான் போனா. ‘அவளுக்குக் காச்சலும் இல்ல, ஒன்னும் இல்ல. படம் பாக்க ஆசப்பட்டுக் கெடக்குறா. போயிட்டு வரட்டும், நீங்க ஒன்னும் கேக்காதீங்க’ன்னா. அதான் கேக்கல.”

ஒன்பது வருடம் கேட்கவில்லை அண்ணி! தட்டில் எனக்கு ரொட்டி வைத்தபோதும், கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுத்தபோதும், கேட்காமலே இருந்திருக்கிறார். நெற்றியில் கை வைத்தபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? ஒரு அறை விட்டு எழுப்பியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நான் விறகுக்குப் போயிருப்பேனே. போயிருந்தால் உங்களுக்குப் பதில் நானா?

போத்தலை என் கையில் கொடுத்து, “வெளக்குக்கு வச்சுக்க” என்றார் அண்ணன். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

உங்கள் காம்பிராவுக்கு வட்டகொடைப் பக்கமிருந்து புது ஆட்கள் வரப்போகிறார்களாம். அவர்களுக்கு உங்களைத் தெரியாது, மரத்தையும் தெரியாது. வந்த அன்றே சொல்லிவிடுவேன், என் பொய்யையும் சேர்த்து. விறகில்லை என்று யாராவது அதில் கத்தி வைக்கப் போனால், நான் கட்டிவந்த விறகைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். என்னால் நடக்க முடிகிறவரை அந்த மரம் எந்த அடுப்புக்கும் போகாது. அது மெதுவாகவே மண்ணாகட்டும், அவசரமில்லை.

இனி எல்லா ஞாயிறும் என் முறைதான் அண்ணி.

அன்றைக்குக் காய்ச்சல் இல்லாத உங்கள் நாத்தனார்,
பொன்னம்மா